மேல்வீட்டுக்காரரை யாருக்குத் தெரியும்

மே 2, சனி

மழை. விடிந்ததில் இருந்து ஒரே ஊத்தல். ஜேர்மனியில் இந்த ஹம் நகரத்துக்கு வேறு வேலை இல்லை.

செய்ய வேண்டியவை: விழா ஹோலின் கதவுத் திறப்பு வாங்குவது. கேக் செய்கிறவவுக்குப் போன். இவருடைய கோட்டைக் கழுவக் கொடுத்த இடத்தில் இருந்து எடுப்பது. அடுத்த சனி இவருக்கு ஐம்பது. எல்லோருக்கும் ஐம்பது வருகிறது, இவருக்கு மட்டும்தான் இருநூறு பேரும் மேடையும் வேண்டும்.

ரஞ்சி மச்சாளோடு டுசில்டோர்ப் போனது. இவருடைய தங்கை, சீலைக்குப் பொருத்தமான காப்பு இல்லாமல் விழாவுக்கு வரமாட்டா. ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் அந்தத் தெரு முழுக்க ஜப்பான் கடைகள். ஒரு கடை வாசலில் மட்டையில் வெட்டிய ஆளுயர மனிதன், கையில் தேத்தண்ணிப் போத்தல். பக்கத்தில் நின்று பெட்டைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். இடது புருவத்தில் அதே வெட்டு.

எங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஒகிஷிமா.

நூடில்ஸ் வாங்குகிற சாட்டில் உள்ளே போய், காசு வாங்கும் பிள்ளையிடம் கேட்டேன். அவள் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். உதைபந்தாட்ட வீரராம். பெரிய போட்டி ஒன்றில் கடைசி நிமிடத்தில் கோல் அடித்தவராம். அடித்துவிட்டு மேற்சட்டையால் முகத்தைத் துடைத்தாராம், அதை இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்து காட்டுவார்களாம். ஜப்பானில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும் என்றாள். இப்போது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துவிட்டு எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

எனக்குத் தெரியும். நேற்று என் கொடியில்தான் காலுறை காயப்போட்டிருந்தார்.

வெளியே வந்தால் ரஞ்சி மச்சாள்: "என்ன மச்சாள், முகம் வெளிறிப்போய்க் கிடக்கு?" பசி என்றேன். நூடில்ஸ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மே 3, ஞாயிறு

பூசை. வந்து கோழிக்கறி. மழை இல்லை, காற்று.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் ரொறன்ரோவில் இருக்கிற தம்பிக்குப் போகும். அங்கிருந்து பாரிசு, பிறகு யாழ்ப்பாணம்.

பின்னேரம் இவருடைய உதைபந்துக் கழகத்தின் ஆட்டம் ரிவியில். குப்பை வாளியோடு இறங்கி வந்த ஒகிஷிமாவை இவர் கையைப் பிடித்து இருத்திவிட்டார். மாசி மாதம் வைத்தியசாலைக்காரர் அனுப்பி வந்தவர் அவர். அதிகம் பேசமாட்டார், வீட்டோடு இருப்பார் என்பதால் கம்பியூட்டர்காரர் என்பது இவருடைய முடிவு. "மற்ற கம்பியூட்டர்காரருக்கு முதுகு போகும், இவனுக்கு முழங்கால் போட்டுது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

இன்று ஒஃப்சைட் படிப்பித்தார். மேசையில் தக்காளிப்பழம், உப்புப்போத்தல், என் மூக்குக்கண்ணாடி.

"தம்பி, இஞ்ச பார். தக்காளி தான் அடிக்கிற ஆள். உப்பு கடைசிப் பின்னுக்கு நிக்கிறவன். பந்தை விடேக்க தக்காளி உப்பைத் தாண்டி நிக்கக்கூடாது. விளங்குதோ?" பாதி டொச் பாஷை, பாதி தமிழ்.

ஒகிஷிமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேள்வியும் கேட்டார், அப்படியானால் கண்ணாடி யார் என்று. அவர் போனபிறகு இவர்: "கெட்டிக்காரன். பிடிச்சிட்டான். ஆனா பாவம், உதைபந்து எண்டா என்னெண்டே தெரியேல்லை."

நான் குசினியில் வெங்காயம் வெட்டினேன். தேவை இல்லாமலே வெட்டினேன்.

மே 4, திங்கள்

காலை வேலை. முதியோர் இல்லத்தில் இருவர் லீவு, முதுகு முறிந்தது.

சோதித்துப் பார்க்க ஆசை. தேநீர் நேரத்தில் கூட வேலை செய்கிற டொச் பெடியனிடம், ஒகிஷிமா தெரியுமா என்றேன். மோட்டார் சைக்கிளா என்று கேட்டான். பந்து பைத்தியம் பிடித்த தாத்தா ஒருவருக்கும் தெரியவில்லை. போனில் தேடினேன், ஒகிஷிமா ஆடுவது இந்நாட்டு இரண்டாம் பிரிவுக் கழகமாம், வடக்கே எங்கேயோ. இவர் சொல்வது போல இரண்டாம் பிரிவு பந்தே இல்லை.

பின்னேரம் ஒகிஷிமாவைப் படியில் பிடித்துக் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. டுசில்டோர்ப்பில் உங்களைப் பார்த்தேன், தேத்தண்ணிப் போத்தலோடு.

மனிதருடைய முகத்தில் இரத்தம் இல்லை. குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவருடைய டொச்சும் என்னுடைய டொச்சும் ஒரே அளவு உடைசல் என்பதால் எங்களுக்குள் நன்றாக விளங்கும். சொன்னது இது: 13ஆம் திகதி டொக்டர் கடைசியாகப் பார்க்கிறார். 15ஆம் திகதி, நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய போட்டிக்கு நாட்டு அணியின் பட்டியல். அவருக்கு முப்பத்திரண்டு வயது, இதை விட்டால் இனி இல்லை. பயிற்சியாளருக்கு எல்லாம் தெரியும், ஒளிவு மறைவு இல்லை. பத்திரிகைகளுக்குத்தான் தெரியாது.

"நான் நடக்கிறதை அவர்கள் பார்த்தால், டொக்டருக்கு முதல் அவர்களே முடிவு சொல்லிவிடுவார்கள். பிறகு பயிற்சியாளராலும் ஏலாது. அங்கே எல்லோருக்கும் என் காலைப் பற்றி ஒரு கருத்து இருக்கும்."

இங்கே பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நிற்கப் பிடிக்கிறது என்றும் சொன்னார். அங்கே வரிசையில் நின்று வருடக்கணக்காகிறதாம்.

ஒருவருக்கும் சொல்லமாட்டேன், அந்தோனியார் மேல் சத்தியம் என்றேன். அது யார் என்று கேட்டார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அர்ச்சிஷ்டவர் என்றேன். அப்படியானால் அவருக்கும் சொல்லவேண்டாம் என்றார்.

மே 6, புதன்

இவர் போய் அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். மேல்வீட்டில்.

"என்னத்துக்கு அவரை? கால் ஏலாத மனுசன். சத்தம் வேற."

"ஒரு கூரைக்குக் கீழ இருக்கிறவனுக்குச் சொல்லாமல் இருநூறு பேருக்குச் சோறு போடுறதே? உனக்கென்ன விசரோ?"

நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

மேலே போய், விழாவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு வர விருப்பம். "அங்கே யாருக்கும் என்னைத் தெரியாதுதானே." ஒரு கம்பியூட்டர்காரனாகப் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று சிரிக்கிறார். முதல்தடவை பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். சரி, கடைசி மேசை, மேடைக்குக் கிட்டவும் வரக்கூடாது என்றேன். தலையாட்டினார்.

அவரிடம் ஓடுகிற சப்பாத்து மட்டும்தான் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே அதைப் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள். இவருடைய கறுப்புச் சப்பாத்தைக் கொடுத்தேன். கொஞ்சம் இறுக்கம் என்றார். போடப் போட இளகும் என்றேன்.

மே 8, வெள்ளி

வெயில். ஹோல் திறப்பு கிடைத்தது. பலூன். அப்பக்காரர் ஓம் என்றுவிட்டார்கள்.

ரஞ்சி மச்சாள் போனில் அரை மணித்தியாலம், தன் மகனுடைய முதலாளிக்கு யாரோ மந்திரியைத் தெரியுமாம். எனக்கு யாரைத் தெரியும் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். மாதாவே, இன்னும் ஒரு கிழமை.

மே 10, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விழா நன்றாகத் தொடங்கியது. கடைசி மேசையில் ஒகிஷிமா, அப்பம் மூன்றாவது தடவை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மூச்சு விட்டேன். எங்கள் விழாக்களுக்கு வீடியோ எடுக்கிற சீலன் கமராவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகத் திரிந்தான், ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் லைவ் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ரஞ்சி மச்சாள், தன்னுடைய ஆட்கள் நிறைந்த மேசையில் இருந்து, எல்லோருக்கும் கேட்க:

"மச்சாள், கடைசி மேசையில ஆர் அது? சீனாக் கடையில கோப்பை கழுவுற ஆளே? எங்கட அண்ணர் எல்லாரையும் கூப்பிடுவார் என்ன."

சிரித்தார்கள். நான் சும்மா போயிருக்கலாம். கையில் பாயசத் தட்டு இருந்தது, போவதற்குக் காரணமும் இருந்தது. போகவில்லை. குனிந்து அவவுடைய காதில் சொன்னேன்: "அவர் ஆர் எண்டு தெரியுமே? பெரிய உதைபந்து வீரர், ஜப்பானில குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். போய்க் கேட்டுப் பாருங்கோ." எவ்வளவு இனித்தது அதைச் சொல்லும்போது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது. சொல்லி முடித்ததும்தான் சத்தியம் ஞாபகம் வந்தது. ஒருவருக்கும் சொல்லாதேங்கோ என்று கையைப் பிடித்தேன். ஓம் ஓம் என்றா.

கேக் வெட்டி முடியவில்லை, மைக்கில் குணம் அண்ணை. எங்கள் விழாக்களில் அறிவிப்பாளர் அவர்தான், மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க ஏலாது.

"பெரியோர்களே, இன்று எம்மத்தியில் ஒரு பெரும் புகழுக்குரியவர் வீற்றிருக்கிறார். ஜப்பான் நாட்டின் தலைசிறந்த உதைபந்தாட்ட வீரர். அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கும்படி…"

பொன்னாடை இல்லாத விழா எங்களிடம் இல்லை. யாருக்காவது தேவைப்படும் என்று ஒன்று கூடவே மடித்து வைத்திருப்போம். அது இருந்தது.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பெடியன்கள் போய்த் தோளில் கை போட்டு எழுப்பினார்கள். அவர் என்னைத் தேடினார். நான் பாயசத் தட்டோடு நின்றேன். அவ்வளவு பேர் கைதட்டும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. நடந்தார். இவருடைய சப்பாத்து கடித்துக் காலை இழுத்து இழுத்து நடந்தார். மேடைப் படியில் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்து, மற்றக் காலைப் பக்கத்தில் வைத்து, அப்படி ஏறினார். சீலன் முன்னால் குந்தியிருந்து அதை அப்படியே எடுத்தான்.

இவர் பொன்னாடை போர்த்தினார். எதற்கு என்று இவருக்கே தெரியாது. குணம் அண்ணை சொன்னதைப் பகிடி என்று நினைத்தாராம்.

மே 11, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. சளி, தடிமன் என்று பொய்.

சீலன் இரவே இணையத்தில் தன் பக்கத்தில் போட்டுவிட்டான். படங்கள், வீடியோ, கீழே ஹோலின் பேர், ஊரின் பேர், எங்கள் பேர். காலையில் பார்த்தால் கீழே முழுக்க ஜப்பான் எழுத்து. கீழே போகப் போக முடிவே இல்லை, ஒரே எழுத்து.

போன் எடுத்தேன்.

"சீலன், தம்பி, அதை எடுத்துவிடடா."

"அக்கா, என்ர வாழ்க்கையில இவ்வளவு பேர் பார்த்ததில்லை. ஜப்பான் ரிவியில இருந்து கேட்டிருக்கினம் அக்கா."

"உன்ர தாய் மேல ஆணை, எடு."

எடுத்துவிட்டான், அவன் நல்ல பெடியன். ஆனால் அதற்குள் வேறு ஆட்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள். கடைப் பிள்ளை சொன்ன நாலு வயதுப் பிள்ளையும் இதற்குள் பார்த்திருக்கும். மேடைப் படியில் ஏறும் அந்தத் துண்டு மட்டும், திரும்பத் திரும்ப. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "முடிந்துவிட்டது." "பாவம், நடக்கவே முடியவில்லை." "இளைய ஆளுக்கு இடம் விடட்டும்."

சப்பாத்தால்தான் அப்படி நடந்தார். இவருடைய சப்பாத்து. நான் கொடுத்த சப்பாத்து.

இவருக்கு எல்லாம் சொன்னேன். எழுந்து போய்க் கட்டிலில் விழுந்தார். பிறகு, "ஐயோ, நான் அவனுக்குத் தக்காளி வைச்செல்லோ ஒஃப்சைட் சொல்லிக் குடுத்தனான்" என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்தார்.

மே 12, செவ்வாய்

வாசலில் ஆட்கள். ஒரு வான், கமரா, மைக். ஜப்பான்காரர், மரியாதையாக நிற்கிறார்கள், வேலியைத் தொடக்கூட இல்லை. அதுதான் இன்னும் பயம். எதிர்வீட்டுக் கிழவி யாருடைய செத்தவீடு என்று கேட்டா.

மேலே போய்த் தட்டினேன். கதவைத் திறந்தார். பொன்னாடையை மடித்து மேசையில் வைத்திருந்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"எத்தனை பேருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"ஒரு ஆள் போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். உதைத்துச் சாத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கீழே வந்தேன். சப்பாத்தை எடுத்தேன். வீட்டுச் சட்டையோடு, சீப்பால் தலையும் இழுக்காமல் வாசலுக்குப் போய் அந்த மைக்குக்கு முன்னால் அதைத் தூக்கிக் காட்டினேன். இதுதான் கடித்தது, அளவு 41, அவருக்கு 43, கால் நல்லாயிருக்கிறது. என்னுடைய டொச்சில். ஒரு பெண் அழகாகத் தலைகுனிந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

பின்னேரம் அதுவும் ஜப்பானுக்குப் போய்விட்டது. நானும் சப்பாத்தும். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். வீட்டுக்காரி அவருக்காகப் பொய் சொல்கிறாள், பாவம் நல்ல மனுசி, என்று எழுதுகிறார்கள். உண்மை சொன்னது என்றைக்கும் இல்லாமல் ஒருதரம், அதையும் நம்பவில்லை.

மே 13, புதன்

இடி. பிறகு வெயில்.

ஒகிஷிமாவை டொக்டரிடம் இவர்தான் கூட்டிக்கொண்டு போனார். வேலைக்கு லீவு போட்டார், வாழ்க்கையில் முதல்தரம். காரைக் கதவோடு ஒட்டி நிறுத்தி, தான் பொலிஸ்காரர் மாதிரி முன்னால் நின்றாராம். நான் வீட்டில் செபமாலை. இரண்டு தரம் எண்ணிக்கை பிழைத்தது.

வந்தார்கள். முழங்கால் முழுச் சுகம். ஓடலாம், பாயலாம், ஆடலாம். டொக்டர் கடிதம் அங்கே அனுப்பிவிட்டாராம். இவர் காரில் இருந்து இறங்கும்போதே கத்தினார், எதிர்வீட்டுக் கிழவிக்கும் சொல்லிவிட்டார். இனி என்ன ஒளிப்பு.

ஒகிஷிமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அது மன்னிப்போ, வெறும் தலையசைப்போ. கேட்கப் பயம்.

மே 14, வியாழன்

ஆண்டவர் விண்ணகம் போன திருநாள். கடைகள் பூட்டு. பூசையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரஞ்சி மச்சாள் கிட்ட வந்து, "நான் குணம் அண்ணைக்கு மட்டும்தானே சொன்னனான்" என்றா. அவவோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் இல்லை. நானும் அவவுக்கு மட்டும்தானே சொன்னேன்.

மத்தியானம் ஒகிஷிமாவுக்குப் போன் வந்தது. தோட்டத்தில் நின்று பேசினார். பேசினார் என்ன, கேட்டார். இடைக்கிடை ஒரு சொல், அவர்களுடைய ஓம். பயிற்சியாளர் என்றார். என்ன சொன்னார் என்று இவர் கேட்க, கால் நல்லாயிருப்பது சந்தோஷமாம் என்றார். இவர் துள்ளினார்.

நாளை காலை பட்டியல். எல்லோருமாகக் கீழே இருந்து பார்ப்போம் என்று இவர் சொல்லிவிட்டார். பிட்டு அவிக்க மா வறுத்து வைத்தேன்.

மே 15, வெள்ளி

வெயில். காலை வேலையை மாற்றிவிட்டேன்.

பிட்டு, கட்டைச்சம்பல், வாழைப்பழம். அவர் குளித்து, தலை இழுத்து, சுத்தமான சட்டையோடு வந்து இருந்தார். பசியோடு சாப்பிட்டார். போனைச் சீனிப்போத்தலில் சாத்தி வைத்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட வயதான மனிதர் ஒருவர் தாளைப் பார்த்துப் பேர் பேராக வாசித்தார். முன்னால் கமராக்கள், சொல்லி மாளாது. எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது ஒரே ஒரு பேர். அது எப்படி ஒலிக்கும் என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். இவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்திருந்தார், நசுக்கிவிட்டார்.

வாசித்த மனிதர் தாளை மடித்தார். எழுந்து குனிந்தார்.

"இன்னும் வாசிப்பினம் என்ன?" என்றார் இவர். "இது பின்னுக்கு நிக்கிற ஆக்களாக்கும். அடிக்கிறவையைப் பேந்துதான் வாசிப்பினம்."

நான் ஒகிஷிமாவுடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு மாற்றமும் இல்லை, அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நேற்றே தெரியும்" என்றார் டொச்சில். "போனில் சொன்னார். உன் காலை நம்புகிறேன், ஆனால் நாடு முழுக்க அந்தப் படியைப் பார்த்துவிட்டது என்றார்."

"பேந்து ஏன் தம்பி வந்து இருந்தனீர்?" இவருக்குக் குரல் உடைந்துவிட்டது. தமிழில்தான் கேட்டார். அவருக்கு விளங்கியது.

"அக்கா மா வறுத்துவிட்டா" என்றார். அக்கா மட்டும் தமிழில். பிறகு எழுந்து, வாசலில் நிற்பவர்களால் எங்களுக்குத் தொந்தரவு என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். என்னிடம்.

அவர் திரும்ப இருந்து, இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார். போட்டேன். பாதி மேசையில் கொட்டிவிட்டது.